ஒரே ஒரு பிரதியில் கை வைக்கும்போது

வானொலியில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு உலகங்கள் பழக்கம். ஒன்று, பதிவு. தடுமாறினால் நிறுத்தலாம், வெட்டலாம், மறுபடியும் பேசலாம். மற்றது, நேரலை. சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் வாயிலிருந்து போன சொல் போனதுதான். பாலத்து நெரிசலில் காரில் உட்கார்ந்திருப்பவர், மாசாயில் கடை திறப்பவர், குளுவாங்கில் பிள்ளைக்கு இடியப்பம் பிழிபவர் என எல்லார் காதிலும் அந்த நொடியே விழுந்துவிடும்.

அகப்பக்கங்களிலும் இதே இரண்டு வகை உண்டு. நம் கணினியில் ஒரு பிரதியை வைத்துத் திருத்தி, சரிபார்த்து, பிறகு ஏற்றுவது ஒரு வகை. எங்கோ தொலைவில் இருக்கும் சர்வருக்குள் நேராக நுழைந்து, மக்கள் அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் கோப்பையே திறந்து திருத்துவது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகை கணினித் துறையினருக்கு மட்டும் உரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கோயிலின் தைப்பூச உபய நேரத்தை மாற்றும் இளைஞர், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தின் பக்கத்தில் படம் சேர்க்கும் அக்கா, சொந்தமாகக் கேட்டரிங் நடத்திக்கொண்டு விலைப்பட்டியலைத் தானே மாற்றும் அண்ணன் என்று நம்மைச் சுற்றிலும் பலர் இதைத்தான் செய்கிறார்கள். பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல், பிள்ளைகள் தூங்கிய பிறகு, சம்பளம் இல்லாமல்.

அவர்கள் கையில் இருப்பது பல நேரங்களில் ஒரு சமூகத்தின் ஒரே பிரதி. அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

மேகம் தரையில்தான் இருக்கிறது

‘கிளவுட்’ என்று சொல்லிச் சொல்லி, நம் படங்களும் எழுத்துகளும் ஆகாயத்தில் மிதப்பதைப் போல ஓர் எண்ணம் வந்துவிட்டது. ஜொகூரில் இருக்கும் நமக்கு அந்த மயக்கம் இருக்கக் கூடாது. நமக்கு மேகம் எங்கே இருக்கிறது என்று தெரியும். குலாய் பக்கம் காரை ஓட்டினால் கண்ணுக்கே தெரியும்.

சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்கள் கட்ட அனுமதிப்பதை நிறுத்தி வைத்தது. சின்னத் தீவு; இடமும் மின்சாரமும் அளவோடுதான். 2022-இல் நிபந்தனைகளோடு மறுபடியும் அனுமதி கொடுத்தது. இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பிறகும், பாலத்துக்கு இந்தப் பக்கம் நிலமும் மின்சாரமும் தேடி வந்த நிறுவனங்கள் பல. செடெனாக், நூசாஜெயா, குலாய் என்று ஜன்னல் இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் எழுந்தன.

அந்தக் கட்டடங்கள் நிற்கும் மண்ணில் சில இடங்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. குலாயில் ஒய்டிஎல் குழுமம் தரவு மையப் பூங்கா அமைக்கும் இடத்தின் பெயர் குலாய் யங் எஸ்டேட். போஸ்டெட் நிறுவனத்திடம் இருந்த, சுமார் 664 ஹெக்டேர் எண்ணெய்ப் பனைத் தோட்டம் அது. பனங்குலை சுமந்த மண், இன்று சர்வர்களைச் சுமக்கத் தொடங்கியிருக்கிறது.

சர்வர் என்பது வேறொன்றும் இல்லை. இரவும் பகலும் அணையாமல், யார் கேட்டாலும் கோப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும் ஒரு கணினி. 1990-இல் ஜெனீவாவுக்கு அருகில், சேர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உலகின் முதல் அகப்பக்கத்தை வைத்திருந்த கணினியின் மேல், இது சர்வர், அணைத்துவிடாதீர்கள் என்று சிவப்பு மையில் கையால் எழுதி ஒட்டியிருந்தார். யாராவது கூட்டிப் பெருக்க வந்து பிளக்கைப் பிடுங்கினால் உலகத்தில் இருந்த ஒரே வலைத்தளமும் போய்விடும். அன்றைக்கே பிரச்சினை அதுதான்: ஒரே ஒரு பிரதி.

தூரத்திலிருந்து எழுதக் கற்ற கதை

தொலைவில் இருக்கும் கணினியில் கோப்பை மாற்றுவது இணையத்தைவிட வயதான ஆசை. கோப்புகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் எஃப்டிபி முறையின் முதல் வரையறை 1971 ஏப்ரலில் வெளியானது. எழுதியவர் அபய் பூஷன். கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் 1965-இல் பட்டம் பெற்று, பிறகு அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போன இந்தியர். இன்றும் சிறிய நிறுவனங்களும் சங்கங்களும் அகப்பக்கக் கோப்புகளை ஏற்ற அந்த முறையையோ, அதன் வழிவந்த ஒன்றையோதான் பயன்படுத்துகின்றன.

அடுத்தது எழுதுகருவி. 1976-இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் ‘விஐ’ என்ற எழுதுகருவியை உருவாக்கினார். வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகப் பல்கலைக்கழகக் கணினியில் வேலை செய்தார். அந்த மோடம் நொடிக்கு ஏறக்குறைய 30 எழுத்துகளைத்தான் அனுப்பும். திரை முழுவதையும் ஒருமுறை புதுப்பிக்கவே ஒரு நிமிடம் பிடிக்கும். அதனால்தான் அதன் கட்டளைகள் எல்லாம் ஓரெழுத்து, ஈரெழுத்தாக இருக்கின்றன. ஒரு வரியை அழிக்க இரண்டு விசை போதும். சிக்கனத்துக்காகப் பிறந்த அந்தக் கருவியின் வாரிசான ‘விம்’ இன்றும் உலகத்துச் சர்வர்களில் பெரும்பாலானவற்றில் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து வெளியே வருவது எப்படி என்று தெரியாமல் திண்டாடியவர்களும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்பது தனிக் கதை.

மூன்றாவது, பாதுகாப்பு. பழைய எஃப்டிபியில் நம் கடவுச்சொல் போஸ்ட் கார்டில் எழுதியதைப் போலத் திறந்தபடியே போகும். வழியில் இருக்கும் யாரும் படிக்கலாம். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் அப்படிக் கடவுச்சொற்கள் திருடப்பட்ட பிறகு, அங்கிருந்த தாத்து யூலொனென் ‘எஸ்எஸ்எச்’ முறையை எழுதினார். போஸ்ட் கார்டுக்குப் பதில் பூட்டிய பெட்டி. இன்று ஜொகூர் பாருவில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கும் சர்வரைத் திறக்கிறோம் என்றால் அந்தப் பெட்டிக்குள்தான் போய் வருகிறோம்.

அப்படிப் போய் வரும்போது ஒன்றைக் கவனிக்கலாம். ஓர் எழுத்தைத் தட்டினால் அது கடலடிக் கம்பியில் உலகத்தின் மறுபக்கம் போய், அங்கே பதிவாகி, திரும்பி வந்த பிறகுதான் நம் திரையில் தெரியும். கால் விநாடி அளவுக்குத் தாமதம் இருக்கும். அந்தத் தாமதம் ஒரு வகையில் நல்லது. நீ உன் வீட்டில் இல்லை, இன்னொருவர் வீட்டில் நிற்கிறாய் என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும். இப்போது வரும் நவீனக் கருவிகள் அந்த உணர்வையும் மறைத்துவிட்டன. தொலைவில் இருக்கும் கோப்பு, நம் மேசைமேல் இருக்கும் கோப்பைப் போலவே திறக்கிறது. வசதிதான். ஆனால் எது வீடு, எது மேடை என்ற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

நேரே திருத்தினால் என்ன ஆகும்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்து. நூறு முறை ஒன்றும் ஆகாததால் நூற்றியோராவது முறை யோசிக்க மாட்டோம்.

நிரல் கோப்பில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் போதும், மொத்தத் தளமும் வெள்ளைத் திரையாகிவிடும். வார்ட்பிரஸ் பயன்படுத்தியவர்களுக்கு இந்த வெள்ளைத் திரையின் கிலி தெரியும். அதை உருவாக்குபவர்களே இதை உணர்ந்து, 2017 நவம்பரில் வெளியிட்ட 4.9 பதிப்பில், உலாவியின் உள்ளிருந்தபடி நிரலைத் திருத்தும்போது பெரிய பிழை இருந்தால் மாற்றத்தைத் தானாகவே பின்வாங்கும் ஏற்பாட்டைச் சேர்த்தது. ஆனால் அந்தக் காவல் வார்ட்பிரஸ்ஸின் வாசலில் மட்டும்தான். எஃப்டிபி வழியாகவோ எஸ்எஸ்எச் வழியாகவோ பின்கதவால் போனால் காவலாளி கிடையாது.

இரண்டு பேர் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் திறந்தால், கடைசியாகச் சேமித்தவர் எழுதியதுதான் நிற்கும். முதல் ஆள் அரை மணி நேரம் செய்த வேலை ஓசையில்லாமல் மறைந்துவிடும்.

இன்னொன்று, நம்மைப் போன்றவர்களுக்கே உரிய ஆபத்து. தமிழ் எழுத்து.

ஆங்கில எழுத்து ஒன்றுக்குக் கணினியில் ஒரு பைட் போதும். இன்று உலகம் முழுவதும் பயன்படும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லுக்குள் ஐந்து குறியீடுகள் இருக்கின்றன: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஆக 15 பைட். இந்த இடத்துக்கு வர நாம் நடந்த தூரம் அதிகம். 1985-இல் நம் நாட்டின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். 1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையப் பக்கத்தில் ஏற்றிக் காட்டினார். அதன் பிறகும் பல ஆண்டுகள், ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தனி எழுத்துரு இறக்கிப் படித்தவர்கள் நாம்.

அவ்வளவு உழைப்பில் கிடைத்த எழுத்தை ஒரு நொடியில் இழக்க முடியும். தமிழ்க் கோப்பு ஒன்றைத் தமிழ் தெரியாத பழைய குறியீட்டு முறையில் சேமித்தால், அந்த முறைக்குள் அடங்காத ஒவ்வோர் எழுத்தின் இடத்திலும் கணினி ஒரு கேள்விக்குறியை வைத்துவிடும். எழுத்துகள் கண்டபடி மாறித் தெரிந்தால் கவலையில்லை, உள்ளே தகவல் இருக்கும், மீட்கலாம். கேள்விக்குறியாக மாறிச் சேமிக்கப்பட்டால் உள்ளே ஒன்றுமே இருக்காது. ‘க’வும் ஒரு கேள்விக்குறி, ‘ஞ’வும் ஒரு கேள்விக்குறி.

ஒரு தோட்டத்தின் பெயர்ப்பட்டியல்

இது எனக்கு ஏட்டறிவாக வரவில்லை. ஜொகூரில், இன்று இல்லாத ஒரு தோட்டத்தின் பழைய குடியிருப்பாளர்கள் சேர்ந்து ஓர் அகப்பக்கம் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்ட அக்காவை ஒரு நிகழ்ச்சிக்காகச் சந்தித்தபோது கேட்டது இது. தோட்டம் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் பக்கத்தில் எந்த லயத்தில், எந்த வீட்டில், யார் குடும்பம் இருந்தது என்று ஒரு பட்டியல் இருந்தது. கங்காணி பெயர், ஆயா கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டியின் பெயர், தீமிதிக்குக் கரகம் எடுத்தவர் பெயர் எல்லாம். பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதிச் சேர்த்தது. சொன்னவர்களில் சிலர் இப்போது இல்லை.

ஒரு நாள் இரவு அக்காவின் அண்ணன் மகன், கல்லூரி மாணவன், உதவி செய்ய உட்கார்ந்திருக்கிறான். எஃப்டிபி மென்பொருளில் கோப்பைச் சொடுக்கி, சர்வரில் இருந்தபடியே திறந்து, ஒரு கைப்பேசி எண்ணை மாற்றிச் சேமித்திருக்கிறான். சேமிக்கும்போது ஏதோ எச்சரிக்கை வந்திருக்கிறது. நம் எல்லாரையும் போல ‘ஓகே’ அழுத்தியிருக்கிறான். காலையில் பார்த்தால் பட்டியல் முழுக்கக் கேள்விக்குறிகள். வேறு பிரதி யாரிடமும் இல்லை.

“பேருதானே போச்சுன்னு சில பேரு சொன்னாங்க தம்பி,” என்றார் அக்கா. “தோட்டம் இல்ல. லயம் இல்ல. கோயிலும் எடம் மாறிடுச்சி. எங்களுக்கு மிச்சம் இருந்ததே அந்தப் பேருங்கதான்.”

ஓரளவு கிடைத்தது. இணையப் பக்கங்களைப் படம் பிடிப்பதைப் போல எடுத்துச் சேமிக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற பொதுநல அமைப்பிடம் ஒரு பழைய பிரதி இருந்தது. அதற்குப் பிறகு சேர்த்த பெயர்களில் சில, பொங்கல் ஒன்றுகூடலுக்கு யாரோ அச்சடித்து வைத்திருந்த தாளில் இருந்தன. கடைசியாகச் சேர்த்த இரண்டு லயத்துப் பெயர்கள் எங்கேயும் இல்லை. அவற்றைச் சொன்ன தாத்தாவும் இல்லை.

அந்தப் பையன் அதற்குப் பிறகு அத்தை வீட்டுப் பக்கமே வரவில்லையாம். அக்காதான் போய்க் கூட்டிவந்திருக்கிறார். “அவனத் திட்டி என்ன ஆவப்போவுது? ஒரே ஒரு பிரதி வெச்சிருந்தது நாங்க. அவன் கை பட்ட அன்னைக்கி உடைஞ்சிடுச்சி, அவ்வளவுதான். இன்னொருத்தர் கை பட்டிருந்தாலும் உடைஞ்சிருக்கும்.”

நான் கேட்ட நேர்காணல்களில் இத்தனை சுருக்கமான தொழில்நுட்ப விளக்கம் வேறு யாரும் கொடுத்ததில்லை.

பெரிய இடத்திலும் இதே கதை

அக்கா சொன்னதைத்தான் 2017-இல் ஓர் உலகப் புகழ்பெற்ற நிறுவனமும் சொன்னது. நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்ற சேவை. 2017 ஜனவரி 31-ஆம் தேதி, நீண்ட நாள் வேலைக்குப் பிறகு இரவில் ஒரு பொறியாளர் இரண்டு தரவுத்தளச் சர்வர்களில் மாறி மாறி வேலை செய்துகொண்டிருந்தார். இரண்டாவது சர்வரில் இருந்த ஒரு கோப்புறையை அழிக்க நினைத்தார். கட்டளையைத் தட்டியது முதன்மைச் சர்வரில். ஓரிரு விநாடியில் தெரிந்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது 4.5 ஜிகாபைட்.

அவர்களிடம் காப்புப் பிரதி எடுக்க ஒன்றல்ல, ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. நம்பியபடி எதுவும் வேலை செய்யவில்லை. தினமும் எடுக்க வேண்டிய பிரதி பல நாட்களாக எடுக்கப்படவே இல்லை. அது தவறியதைச் சொல்லும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது, அதே பொறியாளர் வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்னால் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி. அந்த ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை.

நிறுவனம் நடந்ததை மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. காரணங்களை ஒவ்வொன்றாக எழுதி வெளியிட்டது. ஊழியரின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. ஒருவர் களைத்திருக்கும்போது செய்யும் ஒரு தவறு மொத்தத்தையும் கவிழ்க்குமானால், சரியில்லாதது அந்த ஏற்பாடு என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

தவறே செய்யாவிட்டாலும் போகும். 2021 மார்ச் 10 அதிகாலையில் பிரான்சின் ஸ்த்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீப்பிடித்து முற்றாக எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. லட்சக்கணக்கான தளங்கள் முடங்கின. காப்புப் பிரதி வைத்திருந்த சிலருக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை, காரணம் பிரதியும் அதே வளாகத்தில்தான் இருந்தது. வீட்டுச் சாவியின் நகலை அதே சாவிக்கொத்தில் மாட்டி வைத்த கதை.

நேரே திருத்தியும் நிலைத்து நிற்கும் தமிழ்

அப்படியானால் நேரடியாகத் திருத்தவே கூடாதா? கூடும் என்பதற்கு மிகப் பெரிய சாட்சி நம் மொழியிலேயே இருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதை ஆரம்பத்தில் தோளில் சுமந்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன், ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். இன்று அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. யோசித்துப் பாருங்கள்: ஜொகூர் பாருவிலும் மதுரையிலும் டொரண்டோவிலும் இருக்கும் முகம் தெரியாதவர்கள், தொலைவில் உள்ள ஒரு சர்வரில், உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தை நேராகத் திருத்துகிறார்கள். நாம் படிக்கும்போது விக்கிமீடியா 2018-இல் சிங்கப்பூரில் அமைத்த மையத்திலிருந்து பக்கம் பாலம் தாண்டி நொடிப் பொழுதில் வருகிறது. நாம் திருத்தினால் அது அமெரிக்காவில் உள்ள முதன்மைச் சர்வருக்குப் போகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ பேர் தெரிந்தும் தெரியாமலும் கெடுத்திருக்கிறார்கள். ஆனாலும் நிற்கிறது.

ரகசியம் ஒன்றுதான். அங்கே எதுவும் அழிவதில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘வரலாறு’ என்று ஒரு பகுதி உண்டு. யார், எப்போது, என்ன மாற்றினார் என்பது வரிக்கு வரி இருக்கும். பழைய பதிப்பு ஒரு சொடுக்கில் திரும்பி வரும். தவறு செய்ய முடியாத இடம் அல்ல அது. தவறைத் திரும்பப் பெறக்கூடிய இடம்.

ஊடகவியல் படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடங்களில் இதுவும் ஒன்று. ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டிய காலத்திலிருந்து வரும் விதி: வெட்டுவது நகலை, மூல நாடாவில் கை வைக்காதே.

இரவு பத்து மணிக்கு உட்காருபவர்களுக்கு

நம் கோயிலுக்கும் சங்கத்துக்கும் பெரிய தொழில்நுட்பக் குழு வேண்டாம். சில பழக்கங்கள் போதும்.

கோப்பைத் திறக்கும் முன் நகலெடுங்கள். எஸ்எஸ்எச்சில் அது ஒரு வரிக் கட்டளை. கட்டுப்பாட்டுப் பலகையில் இரண்டு சொடுக்கு. நகலின் பெயரில் தேதியைச் சேருங்கள். ஆனால் அந்த நகலைப் பொதுமக்கள் பார்க்கும் கோப்புறையிலேயே விட்டுவிடாதீர்கள். கடவுச்சொல் உள்ள நிரல் கோப்பின் பின்னொட்டை மாற்றி அங்கேயே வைத்தால், சர்வர் அதை நிரலாக இயக்காமல் வெறும் எழுத்தாக யாருக்கும் காட்டிவிடக்கூடும். கடவுச்சொல்லை வாசலில் ஒட்டி வைத்ததற்குச் சமம்.

எழுதுகருவியின் குறியீட்டு முறை யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று சேமிக்கும் முன் பாருங்கள். எச்சரிக்கை வந்தால் படியுங்கள். புரியவில்லையென்றால் சேமிக்காமல் மூடுங்கள். சேமித்த பிறகு, அதே கணினியில் மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல் கைப்பேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

எஃப்டிபிக்குப் பதில் எஸ்எஃப்டிபி பயன்படுத்துங்கள். உங்களுக்கு இடம் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டால் போதும், பெரும்பாலும் இருக்கும். இணைப்பு அறுந்துபோகும் இடத்திலிருந்து வேலை செய்கிறவர்கள் சர்வரில் ‘ஸ்கிரீன்’ அல்லது ‘டிமக்ஸ்’ என்ற கருவிக்குள் இருந்து வேலை செய்யுங்கள். வைஃபை போனாலும் திறந்து வைத்தது அப்படியே காத்திருக்கும்.

பெரிய மாற்றமென்றால் ஒத்திகைத் தளம் ஒன்றில் செய்து பாருங்கள். நாடகத்துக்கே ஒத்திகை பார்க்கும் நாம், கும்பாபிஷேக அழைப்பு வெளியாகும் பக்கத்துக்குப் பார்க்கலாம், தப்பில்லை. அடிக்கடி மாற்றுகிற தளமென்றால், 2005-இல் லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’டைக் கற்றுக்கொள்ளுங்கள். விக்கிப்பீடியாவின் ‘வரலாறு’ போல, உங்கள் கோப்புகளுக்கும் வரலாறு கிடைக்கும். இளைஞர்களுக்கு அது வேலைச் சந்தையிலும் கை கொடுக்கும்.

காப்புப் பிரதிக்கு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய 3-2-1 என்ற எளிய கணக்கு உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். சர்வரில் ஒன்று, செயலாளர் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, பினாங்கில் இருக்கும் உறுப்பினரிடம் ஒன்று என்றாலே கணக்கு நேராகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்புப் பிரதி, கிட்லேபின் ஐந்து ஏற்பாடுகளைப் போன்றது.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில்

இதைப் படிக்கும் எல்லாரும் நிரல் எழுதுபவர்கள் அல்ல. கோயில் தலைவராக, சங்கப் பொருளாளராக, பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினராக இருக்கலாம். நீங்கள் செய்ய வேண்டியது கணினியைத் தொடுவது அல்ல. அடுத்த கூட்டத்தில் நான்கு கேள்விகள் கேட்பது.

நம் அகப்பக்கம் எந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது? கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும்? தளப்பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எப்போது புதுப்பிக்க வேண்டும்? அது நாளைக் காலையில் மறைந்துவிட்டால் நம்மிடம் வேறு பிரதி உண்டா?

ஒருவருக்கு மட்டும் தெரியும் என்ற பதில் வந்தால், அந்த ஒருவரைச் சந்தேகிக்க வேண்டாம். இத்தனை நாள் தனியாகச் சுமந்ததற்கு நன்றி சொல்லி, பக்கத்தில் இன்னொருவரை உட்கார வையுங்கள். பிரதி இல்லை என்ற பதில் வந்தால் அன்றைக்கே ஒன்று எடுங்கள். முக்கியமான பக்கங்களை இன்டர்நெட் ஆர்க்கைவில் பதிந்து வைக்க ஐந்து நிமிடம் போதும், காசும் வேண்டாம். பெயர்கள், படங்கள், பழைய விழா மலர்கள் இருந்தால் தாளிலும் ஒரு செட் அச்சடித்துக் கோயில் அலமாரியில் வையுங்கள். மின்சாரம் இல்லாமலும் படிக்கலாம்.

யாகூவின் ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது, உலகம் முழுவதும் சாதாரண மக்கள் தாங்களே கட்டிய லட்சக்கணக்கான பக்கங்கள் ஒரே நாளில் இடம் இழந்தன. தன்னார்வலர்கள் விழுந்தடித்துக்கொண்டு அள்ளியது ஒரு பகுதிதான். நம் வரலாற்றில் பெரும்பகுதியை நாம் எழுதி வைக்கவில்லை என்று அடிக்கடி வருத்தப்படுகிறோம். இப்போது எழுதத் தொடங்கியிருக்கிறோம். எழுதியதை இரண்டாவது முறை இழக்காமல் இருக்க, தேதி போட்ட ஒரு நகல் போதும்.